60 கோடி வரிகள் (ரோ) உள்ள விற்பனை அட்டவணை: வேர்ஹவுஸைப் பெரிதாக்கவா, மாடலைத் திருத்தவா?

ஜார்ஜ்டவுன் வாசகர் | 2025 செப்டம்பர் 2, காலை 11.20

பினாங்கிலும் கோலாலம்பூரிலுமாக எங்கள் குழுமத்துக்கு 60 கிளைகள். பாதிக்கு மேல் 24 மணி நேர உணவகங்கள், மற்றவை சிறு ஹோட்டல்கள். ஸ்னோஃப்ளேக் என்ற கிளவுட் தரவுக் கிடங்கில் பில் வரிகளுக்கு (ஒரு பொருளுக்கு ஒரு ரோ) ஒரே அட்டவணை. நான்கு வருடத் தரவு, 60 கோடி வரி. அறிக்கை பவர் பிஐயில், டைரக்ட்குவெரி முறையில், அதாவது திறக்கும்போதெல்லாம் கிடங்கையே கேட்கிறது. மாதாந்தரக் கிளை அறிக்கை திறக்க 40 விநாடி ஆகிறது. வேர்ஹவுஸை, அதாவது குவெரிகளை (தரவுக்கான கேள்விகளை) ஓட்டும் மெஷின் தொகுப்பை, மீடியத்திலிருந்து லார்ஜுக்கு ஏற்றினோம், 34 விநாடி. இப்போது எக்ஸ்ட்ரா லார்ஜுக்குப் போகச் சொல்கிறார்கள். போகலாமா அண்ணே?

என் பதில் | செப்டம்பர் 2, இரவு 9.45

போகாதீங்க தம்பி. மீடியம் மணிக்கு 4 கிரெடிட் (ஸ்னோஃப்ளேக்கின் கட்டண அலகு), லார்ஜ் 8, எக்ஸ்ட்ரா லார்ஜ் 16. சக்தியை இரட்டிப்பாக்கியும் 6 விநாடிதான் குறைந்தது என்றால், நேரம் எங்கே போகிறது என்று தெரியாமலேயே பணம் போய்க்கொண்டிருக்கிறது. அதை முதலில் கண்டுபிடிக்க வேண்டும்.

அளப்பதை ஒழுங்காக அளக்கணும். யூஸ்_கேஷ்டு_ரிசல்ட் என்ற அமைப்பை ஃபால்ஸ் ஆக்கிவிட்டு ஓட்டுங்கள். இல்லையென்றால் அதே கேள்விக்கு முன்பு கிடைத்த பதிலே 24 மணி நேரத்துக்குத் திரும்பி வரும், வேகம் கூடிவிட்டது போல் தெரியும். சைஸ் மாற்றிய கையோடு எடுத்த அளவையும் நம்பாதீர்கள். புதிதாகச் சேர்ந்த மெஷின்களில் லோக்கல் கேஷ் (முன்பு படித்த தரவின் தற்காலிகச் சேமிப்பு) காலியாக இருக்கும். ஒரே குவெரியை மூன்று முறை ஓட்டி, முதல் ஓட்டத்தைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

பிறகு குவெரி ப்ரொஃபைலை (எந்தப் படியில் எவ்வளவு நேரம் போனது என்று காட்டும் பக்கத்தை) திறந்து நான்கு எண்களை இங்கே போடுங்கள். மொத்த பார்ட்டிஷனில் (அட்டவணை பிரித்துச் சேமிக்கப்படும் துண்டுகள்) எத்தனை படிக்கப்பட்டது, மெமரி போதாமல் டிஸ்க்குக்கு வழிந்தது எத்தனை ஜிபி, ஜாயினுக்குள் (இரண்டு அட்டவணைகளை இணைக்கும் படி) போன வரிகள் எத்தனை வெளியே வந்தவை எத்தனை, வரிசையில் காத்திருந்த நேரம் எவ்வளவு. இந்த நாலும் இல்லாமல் யார் ஆலோசனை சொன்னாலும் ஊகம்தான்.

ஜார்ஜ்டவுன் வாசகர் | செப்டம்பர் 3, காலை 10.05

4,870 பார்ட்டிஷனில் 4,790 படிக்கப்பட்டிருக்கிறது. ரிமோட் டிஸ்க்குக்கு எதுவும் வழியவில்லை. ஜாயினுக்குள் 1.2 கோடி வரி போய், 2.3 கோடி வெளியே வருகிறது. காத்திருப்பு 9 விநாடி.

செப்டம்பர் 3, மதியம் 1.10

ஒரு மாத அறிக்கைக்கு நான்கு வருடத்தையும் படிக்கிறது. ஜாயினில் வரிகள் இரட்டிக்கின்றன. பவர் பிஐ ஒரே நேரத்தில் நிறைய கேள்வி அனுப்புகிறது. ஆக மூன்று கோளாறு, மூன்றும் மாடலில், அதாவது அட்டவணைகளை அமைத்து இணைத்திருக்கும் விதத்தில்தான் இருக்கிறது. ஒவ்வொன்றாகப் பார்ப்போம். தேதி ஃபில்டர் எப்படி எழுதியிருக்கிறீர்கள் என்பதை மட்டும் அனுப்புங்கள்.

செப்டம்பர் 3, இரவு 10.30

கிடைத்தது. நினைத்தபடியே பில்_நேரம் யூடிசியில் (உலகப் பொது நேரம்) இருக்கிறது. ஒவ்வொரு குவெரியிலும் அந்தக் காலத்தை (column) மலேசிய நேரத்துக்கு மாற்றி, அதிலிருந்து தேதி எடுத்து, பிறகு ஃபில்டர் செய்கிறீர்கள்.

ஸ்னோஃப்ளேக் ஒவ்வொரு மைக்ரோ பார்ட்டிஷனுக்கும், ஒவ்வொரு காலத்துக்கும் குறைந்த மதிப்பு, கூடிய மதிப்பு இரண்டையும் எழுதி வைத்துக்கொள்கிறது. நீங்கள் கேட்கும் தேதி அந்த வீச்சுக்கு வெளியே இருந்தால் அந்தப் பார்ட்டிஷனைத் தொடவே தொடாது. காலத்தை ஃபங்ஷனுக்குள் போட்டு மூடிவிட்டால் இந்த ஒப்பீடு பல சமயம் நடக்காது.

இன்றைக்கே அட்டவணையைத் தொடாமல் செய்யக்கூடியது ஒன்று உண்டு. காலத்தை விட்டுவிட்டு, ஒப்பிடும் மதிப்பை மாற்றுங்கள். மலேசியாவின் செப்டம்பர் 1 வேண்டுமென்றால் பில்_நேரம் >= '2025-08-31 16:00', பில்_நேரம் < '2025-09-01 16:00'. எட்டு மணி நேர வித்தியாசத்தை ஒரே ஒரு முறை, வலது பக்கத்தில் கழித்துவிட்டோம்.

நிரந்தரத் தீர்வு, ஏற்றும்போதே வணிக_நாள் என்று ஒரு டேட் காலம் சேர்த்துவிடுவது. அறிக்கைகள் எல்லாம் அதைத்தான் தொட வேண்டும்.

செப்டம்பர் 3, இரவு 11.15

வணிக_நாள் பற்றி ஒன்று சேர்க்கணும், இல்லையென்றால் கணக்குப் பிரிவு சண்டைக்கு வரும். 24 மணி நேர உணவகத்துக்கு நாள் நள்ளிரவில் முடிவதில்லை. இரவு ஷிஃப்ட் காலை 6 மணிக்கு கல்லாவை மூடுகிறது என்றால், அதிகாலை 2 மணி பில் முந்தைய நாளைச் சேர்ந்தது. யூடிசிக்கு 8 மணி கூட்டி 6 மணி கழித்தால் மிச்சம் கூட்டல் 2. அதாவது யூடிசி நேரத்தோடு 2 மணி கூட்டி வரும் தேதியே வணிக_நாள். ஹோட்டல்களுக்கு நைட் ஆடிட் (அன்றைய கணக்கை மூடும்) நேரம் வேறாக இருக்கும். ஆகவே கட்ஆஃப் மணியை (நாள் முடியும் மணி) கிளை டைமென்ஷனில் (கிளை விவரங்களின் சிறு அட்டவணையில்) ஒரு காலமாக வையுங்கள். ஏற்றும்போது அதைப் படித்துக் கணக்கிட்டு, கிடைத்த தேதியை மட்டும் ஃபேக்ட்டில் (விற்பனை நிகழ்வுகளின் பெரிய அட்டவணையில்) எழுதுங்கள். அறிக்கை ஓடும் நேரத்தில் இந்தக் கணக்கு நடக்கவே கூடாது.

செப்டம்பர் 4, இரவு 8.50

மேலே ஃபங்ஷன் பற்றிச் சொன்னதை எல்லா ஃபங்ஷனுக்கும் நீட்டிவிடாதீர்கள். டேட்_ட்ரங்க், நேரடியாக டேட்டாக மாற்றுவது போன்ற வரிசை கெடாத மாற்றங்களை ஸ்னோஃப்ளேக் பெரும்பாலும் சமாளித்துவிடும். டைம்ஸோன் மாற்றமும் எழுத்துச் சரத்தை வெட்டி ஒட்டுவதும்தான் ஆபத்து. சந்தேகமா, ப்ரொஃபைலில் படித்த பார்ட்டிஷன் எண்ணைப் பாருங்கள், அதுவே சொல்லிவிடும். இன்னொரு பொறி: கடைசித் தேதியை சப்குவெரியில் எடுத்து அதற்குச் சமம் என்று எழுதினால் பதில் ஒரே மதிப்பாக இருந்தாலும் தேவையில்லாத பார்ட்டிஷன்கள் ஒதுக்கப்படாது. மதிப்பை முதலில் மாறியில் எடுத்து வைத்துக்கொண்டு பிறகு ஃபில்டரில் போடுங்கள்.

செப்டம்பர் 5, இரவு 9.20

ஃபில்டரைத் திருத்திய பிறகும் 1,900 பார்ட்டிஷன் படிக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். பழைய தரவைக் கிளை வாரியாக, தேதி ஒழுங்கில்லாத கோப்புகளாக ஏற்றியதன் விளைவு அது. ஒரே பார்ட்டிஷனுக்குள் 2022ம் 2025ம் கலந்து கிடந்தால் குறைந்த மதிப்பு, கூடிய மதிப்பு இருந்தும் பயனில்லை. சிஸ்டம்$கிளஸ்டரிங்_இன்ஃபர்மேஷனை வணிக_நாள் காலத்துக்கு ஓட்டி ஆவரேஜ் டெப்த் (ஒரே மதிப்பு எத்தனை பார்ட்டிஷனில் ஒன்றன்மேல் ஒன்று விழுகிறது) பாருங்கள். அது 1க்கு அருகில் இருந்தால் அடுக்கு ஒழுங்காக இருக்கிறது. நூற்றுக்கணக்கில் இருந்தால் எல்லாம் கலந்துவிட்டது.

உடனே கிளஸ்டரிங் கீ (இந்தக் காலத்தின்படி அடுக்கு என்று ஸ்னோஃப்ளேக்குக்குச் சொல்லும் அமைப்பு) போட்டுவிடாதீர்கள். அது டெராபைட் கணக்கான அட்டவணைகளுக்கு. போட்டால் பின்னணியில் ஆட்டோமேட்டிக் கிளஸ்டரிங் ஓடிக்கொண்டே இருக்கும், கிரெடிட்டும் போய்க்கொண்டே இருக்கும். உங்கள் அளவுக்கு ஒரு முறை முழு அட்டவணையையும் ஆர்டர் பை வணிக_நாள், கிளை_எண் என்று வரிசைப்படுத்திப் புதிதாக எழுதினால் போதும். அந்த ஒரு வேலைக்கு மட்டும் பெரிய வேர்ஹவுஸ் எடுங்கள். இது மெமரி போதாமல் டிஸ்க்குக்கு வழியும் வேலை, அங்கே சைஸ் உண்மையிலேயே உதவும். முடிந்ததும் இறக்கிவிடுங்கள்.

ஏன் நாள் முதலில்? குறைந்த வகை மதிப்புள்ள காலம் முன்னே வர வேண்டும் என்பது பொது விதி, அதன்படி 60 கிளைதான் முன்னே வரணும். ஆனால் கிளை முன்னே இருந்தால் தினமும் வரும் புதுத் தரவு 60 இடத்தில் செருக வேண்டியதாகிறது, அடுக்கு வாரக் கணக்கில் கலைகிறது. நாள் முன்னே இருந்தால் புதுத் தரவு தானாகக் கடைசியில் சேரும். நான்கு வருடம் 1,461 நாள். 4,870 பார்ட்டிஷனை அதால் வகுத்தால் நாளுக்கு மூன்று சொச்சம், மாதத்துக்குச் சுமார் 100. உங்கள் அறிக்கை அந்த நூறைச் சுற்றி வர வேண்டும்.

பழைய அட்டவணையின் பார்ட்டிஷன்கள் டைம் ட்ராவல், ஃபெயில்சேஃப் (பழைய தரவை மீட்க வைத்திருக்கும் அவகாசங்கள்) முடியும் வரை இடத்தைப் பிடித்திருக்கும். ஃபெயில்சேஃப் மட்டும் 7 நாள். அந்த மாத ஸ்டோரேஜ் பில் கூடினால் பயப்பட வேண்டாம்.

செப்டம்பர் 6, மாலை 5.30

இப்போது எனக்கு மிக முக்கியமாகப் படும் இடத்துக்கு வருகிறேன். 1.2 கோடி வரி போய் 2.3 கோடி வருகிறது. வேகத்தைவிடப் பெரிய பிரச்சினை இது.

நீங்கள் அனுப்பிய குவெரியில் பில் வரியும் கட்டண அட்டவணையும் பில்_எண் மேல் ஜாயின் ஆகின்றன. வாடிக்கையாளர் ஆறு பொருள் வாங்கி, பாதி ரொக்கம் பாதி இ-வாலட் என்று கொடுத்தால் ஆறு வரி, இரண்டு கட்டணம், ஜாயினுக்குப் பின் 12 வரி. மேலே யாரோ செலக்ட் டிஸ்டிங்க்ட் (ஒரே மாதிரி வரிகளில் ஒன்றை மட்டும் வைக்கும் கட்டளை) போட்டு அதை மறைத்திருக்கிறார்கள். அந்த டிஸ்டிங்க்ட் கோடிக்கணக்கான வரியை ஹாஷ் செய்து பொறுக்குகிறது, நேரம் அங்கேதான் போகிறது. அதோடு ஒரே பில்லில் ஒரே விலைக்கு இரண்டு தே தாரிக் (பால் தேநீர்) தனித்தனி வரியாக இருந்து, வரி எண்ணை செலக்டில் சேர்க்காமல் விட்டிருந்தால் அதில் ஒன்றை விழுங்கிவிடும். யார் மாடலிலாவது விளக்கம் இல்லாத டிஸ்டிங்க்ட்டைக் கண்டால் அதற்குக் கீழே ஒரு கெட்ட ஜாயின் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

ஒரு ஃபேக்ட்டுக்கு ஒரே விவர நிலை. பொருள் வரிக்கு ஒன்று, பில்லுக்கு ஒன்று, கட்டணத்துக்கு ஒன்று. இரண்டு ஃபேக்ட்டை நேரடியாக ஜாயின் செய்யவே கூடாது. ஒவ்வொன்றையும் நாள், கிளை அளவுக்குக் கூட்டிவிட்டு, அந்தச் சுருங்கிய பதில்களை இணையுங்கள்.

5 சென் ரவுண்டிங் இதற்கு நல்ல சோதனை. 2008 ஏப்ரல் 1 முதல் ரொக்கப் பில்லின் மொத்தம் 5 சென்னுக்கு முழுமையாக்கப்படுகிறது. 12.37 ரிங்கிட் 12.35 ஆகும், 12.38 என்றால் 12.40. இந்த வித்தியாசம் முழுப் பில்லுக்கு உரியது, எந்தப் பொருளுக்கும் உரியதல்ல. உங்கள் பொருள் வரி அட்டவணையில் ரவுண்டிங் காலம் ஒவ்வொரு வரியிலும் திரும்பத் திரும்ப வருகிறது. கூட்டினால் ஆறு பொருள் வாங்கிய பில்லில் ஆறு மடங்கு ரவுண்டிங். அதை பில் ஃபேக்ட்டுக்கு நகர்த்துங்கள். பிறகு பொருள் வரிகளின் கூட்டுத்தொகை, டாக்ஸ், சேவைக் கட்டணம், ரவுண்டிங் எல்லாம் சேர்ந்து பில் மொத்தத்துக்குச் சமமா என்று தினமும் ஓடும் சோதனை ஒன்று வையுங்கள். மாடல் சரியா என்பதை அதைவிடக் கறாராக வேறு எதுவும் சொல்லாது.

பிரிக்ஃபீல்ட்ஸ் வாசகி | செப்டம்பர் 7, காலை 9.15

அண்ணா, எங்களிடம் சர்வீஸ் டாக்ஸ் விகிதத்தை பிட்வீன் தேதி (இந்தத் தேதிக்கும் அந்தத் தேதிக்கும் இடையில் என்று) போட்டு ஜாயின் செய்கிறோம். அதுவும் மெதுவாகத்தான் ஓடுகிறது. வேறு வழி உண்டா?

செப்டம்பர் 7, இரவு 9.00

உண்டும்மா. பிட்வீன் ஜாயினில் ஹாஷ் (சமமான மதிப்புகளை நேரடியாகத் தேடும் முறை) வேலை செய்யாது. ஒவ்வொரு வரியையும் ஒவ்வொரு காலகட்டத்தோடும் ஒப்பிட வேண்டியிருக்கும். விகித அட்டவணை சிறிதாக இருந்தாலும் எதிர்ப்பக்கம் கோடிகள் என்றால் வலிக்கும். அந்தத் தேடலை ஏற்றும்போது ஒரு முறை செய்து, கிடைத்த விகிதத்தின் எண்ணை விகித_கீ என்று ஃபேக்ட்டில் எழுதிவிடுங்கள். அறிக்கையில் சமக்குறி ஜாயின் மட்டும் மிஞ்சும். தினமும் புது வரிகளுக்கு மட்டுமே பிட்வீன் ஓடும்.

விகித அட்டவணையில் சேவை வகையும் சாவியாக இருக்கணும். 2024 மார்ச் 1ல் சர்வீஸ் டாக்ஸ் 6லிருந்து 8 சதவீதம் ஆனது, ஆனால் உணவு, பானம், தொலைத்தொடர்பு, பார்க்கிங், லாஜிஸ்டிக்ஸ் 6லேயே நின்றன. ஒரே குழுமத்தில் அறை வாடகைக்கு 8, கீழ்மாடி உணவகத்துக்கு 6. தேதியை மட்டும் வைத்துத் தேடினால் ஒரு விற்பனைக்கு இரண்டு ரோ வந்து மறுபடியும் இரட்டிக்கும்.

செப்டம்பர் 7, இரவு 9.40

இரட்டிப்பு என்றதும் விடுமுறை நாட்காட்டியையும் சொல்லிவிடுகிறேன். நாள் டைமென்ஷனில் 'விடுமுறை: ஆம்/இல்லை' என்று ஒரே காலம் நம் நாட்டுக்கு ஒத்துவராது. ஜூலை 7 பினாங்கில் ஜார்ஜ்டவுன் பாரம்பரிய தினம், கோலாலம்பூரில் வேலை நாள். பிப்ரவரி 1 கூட்டரசுப் பிரதேச தினம், பினாங்கில் ஒன்றுமில்லை. கெடாவில் வார விடுமுறை வெள்ளி, சனி. ஜொகூர் 2025 ஜனவரி 1 முதல் சனி, ஞாயிறுக்குத் திரும்பிவிட்டது. ஆகவே நாள், மாநிலம் இரண்டும் சேர்ந்த அட்டவணை வேண்டும், ஜாயினும் இரண்டின் மேலும் வேண்டும். நாளை மட்டும் வைத்து ஜாயின் செய்தால் 16 மாநில, கூட்டரசுப் பிரதேச வரிகளும் ஒவ்வொரு விற்பனையோடும் ஒட்டிக்கொள்ளும்.

ஜார்ஜ்டவுன் வாசகர் | செப்டம்பர் 10, காலை 10.40

அண்ணே, வரிசைப்படுத்தி எழுதியாச்சு. 112 பார்ட்டிஷன். அறிக்கை 11 விநாடி, வேர்ஹவுஸ் மறுபடியும் மீடியம். ஆனால் இரவு மெர்ஜ் (புது வரிகளைச் சேர்த்து, மாறியதைத் திருத்தும் வேலை) இன்னும் 50 நிமிடம் ஓடுகிறது.

செப்டம்பர் 10, இரவு 10.10

அந்த மெர்ஜை விட்டுவைத்தால் நீங்கள் கட்டிய அடுக்கை அதுவே கலைத்துவிடும். மைக்ரோ பார்ட்டிஷனைத் திருத்த முடியாது. ஒரு வரி மாறினாலும் அது இருக்கும் பார்ட்டிஷன் முழுவதும் புதிதாக எழுதப்படும்.

எந்தக் காலம் மாறுகிறது என்று பாருங்கள். இ-இன்வாய்ஸ் எண், அதன் நிலை, இல்லையா? உள்நாட்டு வருமான வரி வாரியத்தின் சரிபார்ப்பு முடிந்த 72 மணி நேரத்துக்குள் விற்றவர் ரத்து செய்யலாம், வாங்கியவர் நிராகரிக்கக் கோரலாம். அதோடு இன்வாய்ஸ் கேட்காத வாடிக்கையாளர்களின் பில்களைத் தொகுத்து, மாதம் முடிந்த 7 நாளுக்குள் ஒரே இன்வாய்ஸாக உள்நாட்டு வருமான வரி வாரியத்துக்கு அனுப்புகிறீர்கள். அந்த எண் வந்ததும் போன மாதத்தின் அத்தனை பொருள் வரிகளும் மாறுகின்றன. உங்கள் ஃபேக்ட்டில் ஒரு மாதம் என்றால் ஒன்றேகால் கோடி வரி!

அந்த இரண்டு காலங்களையும் பொருள் வரியிலிருந்து பிடுங்குங்கள். பில்_எண், இன்வாய்ஸ்_எண், நிலை, மாறிய_நேரம், இவ்வளவுதான் ஒரு ஒல்லி அட்டவணை. மாற்றம் எல்லாம் அங்கே நடக்கட்டும். பொருள் வரி ஃபேக்ட் ஏறியது ஏறியபடி இருக்கும். 72 மணி தாண்டினால் கிரெடிட் நோட்தான். அது தன் தேதியோடு புது வரியாக வரும், பழையதைத் தொடாது.

மெர்ஜுக்கும் எல்லை போடுங்கள். பில்_எண்ணை மட்டும் கொடுத்தால் பொருந்தும் வரியைத் தேடி 60 கோடியையும் புரட்டும். வணிக_நாள் கடைசி 5 நாளுக்குள் என்ற நிபந்தனையும் ஆன் (ON) பகுதியில் இருக்கணும். டிபிடியில் (தரவு மாற்றங்களை எழுதி ஓட்டும் கருவி) இதற்கு இன்கிரிமென்டல்_பிரெடிகேட்ஸ் உண்டு, இலக்கு அட்டவணையை டிபிடி_இன்டர்னல்_டெஸ்ட் (DBT_INTERNAL_DEST) என்ற பெயரில் குறிக்க வேண்டும். 5 நாளுக்குப் பிறகு தாமதமாக வரும் பில்கள் இந்த எல்லைக்கு வெளியே விழுந்து புது வரியாகச் செருகப்படும், இரட்டை வரக்கூடும். மூல அமைப்பு அப்படி அனுப்பும் என்றால் வாரம் ஒரு முறை 40 நாள் எல்லையோடு தனி ஓட்டம் வையுங்கள். பில்_எண், வரி_எண் சேர்ந்து தனித்தன்மை உடையதா என்ற சோதனையும் கூடவே. ஸ்னோஃப்ளேக்கின் சாதாரண அட்டவணையில் ப்ரைமரி கீ என்று எழுதினாலும் அது தடுக்காது.

செப்டம்பர் 11, மதியம் 12.50

சிங்கப்பூர் ரீஜனிலிருந்து (அங்குள்ள கிளவுட் மையத்திலிருந்து) மலேசிய ரீஜனுக்கு மாறினால் வேகம் கூடுமா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். அமேசானின் கிளவுட் சேவையான ஏடபிள்யூஎஸ் 2024 ஆகஸ்ட்டில் மலேசிய ரீஜனைத் திறந்தது. தரவு நாட்டுக்குள் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இருந்தால் யோசிக்கலாம். வேகத்துக்காக வேண்டாம், அந்தத் தூரம் மில்லி விநாடிகள்தான்.

செப்டம்பர் 12, இரவு 9.30

பவர் பிஐ. அந்த 9 விநாடிக் காத்திருப்பு இங்கிருந்து வருகிறது. டைரக்ட்குவெரி பக்கத்தில் ஒவ்வொரு விஷுவலும் (வரைபடம் அல்லது அட்டவணை) குறைந்தது ஒரு கேள்வி அனுப்பும். உங்கள் பக்கத்தில் 18 விஷுவல், காலை 9 மணிக்கு 60 மேலாளர்களும் திறக்கிறார்கள். இதற்கு எக்ஸ்ட்ரா லார்ஜ் தேவையில்லை. மல்டிகிளஸ்டர், அதாவது அதே சைஸில் இன்னொன்று, அந்த நேரத்துக்கு மட்டும் எழும்பினால் போதும். அதற்கு என்டர்பிரைஸ் எடிஷன் வேண்டும். அதற்கும் முன்னால் செய்ய வேண்டியது, நாள், கிளை, பொருள் வகை அளவில் கூட்டிய சிறு அட்டவணையை இம்போர்ட்டில் (பவர் பிஐக்குள்ளேயே ஏற்றி) வைப்பது. விவரம் தேவைப்படும்போது மட்டும் டைரக்ட்குவெரி. டைமென்ஷன்களை ட்யூவல் (இரண்டு விதமாகவும் வேலை செய்யும்) முறையில் வையுங்கள். உறவுகளில் 'அஸ்யூம் ரெஃபரென்ஷியல் இன்டெக்ரிட்டி'யை இயக்கினால் லெஃப்ட் அவுட்டர் ஜாயினுக்குப் பதில் இன்னர் ஜாயின் (இரு பக்கமும் பொருந்தியவை மட்டும்) போகும். ஆனால் ஃபேக்ட்டில் காலியான கிளை_எண் ஒன்றுகூட இருக்கக்கூடாது, இருந்தால் அந்த விற்பனை சத்தமில்லாமல் மறையும். 'தெரியாத கிளை' என்று மைனஸ் 1 வரி ஒன்றை டைமென்ஷனில் வைத்துவிட்டு இயக்குங்கள்.

ஸ்லைசர்களுக்கு (பக்கத்தில் உள்ள ஃபில்டர் பெட்டிகளுக்கு) அப்ளை பட்டனும் போடுங்கள். ஒவ்வொரு கிளிக்குக்கும் 18 கேள்வி பறப்பது நிற்கும்.

செப்டம்பர் 14, காலை 8.20

கூகுளின் பிக்குவெரி கிடங்குக்கும் இது பொருந்துமா என்று கேட்ட வாசகிக்கு: தத்துவம் அதேதான், விவரம் வேறு. அங்கே பார்ட்டிஷன் காலத்தை நீங்களே அறிவிக்க வேண்டும். டைம்ஸ்டாம்ப் மேல் தினசரி பார்ட்டிஷன் போட்டால் அது யூடிசி நாள், நம் காலை 8 மணிக்குத்தான் மாறும். அதனால் அங்கேயும் வணிக_நாள் டேட் காலம்தான் சரி. கிளஸ்டருக்கு நான்கு காலம் வரை, வரிசை முக்கியம். ரெக்வயர்_பார்ட்டிஷன்_ஃபில்டரை இயக்கிவிட்டால் தேதி இல்லாத குவெரி ஓடவே ஓடாது. ஆன்டிமாண்ட் முறையில் படித்த பைட்டுக்குத்தான் காசு. கிளஸ்டர் செய்யாத அட்டவணையில் லிமிட் 10 போட்டாலும் முழுக் காசுதான்.

அமேசானின் ரெட்ஷிஃப்ட் கிடங்கில் டிஸ்ட்கீயை (எந்த வரி எந்த ஸ்லைஸுக்கு, அதாவது எந்தச் சேமிப்புப் பங்குக்கு, போகும் என்று முடிவுசெய்யும் காலம்) கவனியுங்கள். பதிவு செய்யாத வாடிக்கையாளர் எல்லாருக்கும் உறுப்பினர் எண் 0 என்று வைத்து அதையே டிஸ்ட்கீயாக்கினால், அந்த விற்பனை முழுவதும் ஒரே ஸ்லைஸில் குவியும். எஸ்விவி_டேபிள்_இன்ஃபோவில் ஸ்கியூ_ரோஸ் காலம் காட்டிக்கொடுக்கும்.

செப்டம்பர் 16, இரவு 10.00

உறுப்பினர் அட்டவணையை எப்படி வைப்பது என்று கேட்டதற்கு. மைகார்டு (மலேசிய அடையாள அட்டை) எண்ணை ஒரு பக்கம் எண்ணாகவும் மறுபக்கம் எழுத்தாகவும் வைத்தால் ஒவ்வொரு ஜாயினிலும் கோடி முறை மாற்றம் நடக்கும். 2000 முதல் 2009 வரை பிறந்தவர்களின் எண் பூஜ்யத்தில் தொடங்கும். எண்ணாக வைத்தால் முன் பூஜ்யம் போய் 12 இலக்கம் 11 ஆகும், 2000ல் பிறந்தவர்களுக்கு 10 அல்லது 9கூட ஆகும். இடைக்கோடு நீக்கி, எழுத்தாக, ஏற்றும்போதே சீராக்குங்கள். ஃபேக்ட்டுக்குள் அதைக் கொண்டுபோகவே வேண்டாம், உறுப்பினர்_கீ போதும். தனிப்பட்ட தரவு நூறு இடத்தில் சிதறாமலும் இருக்கும்.

பிறந்த தேதியை டைம்ஸ்டாம்ப்பாக வைக்காதீர்கள். தீபகற்ப மலேசியா 1982 ஜனவரி 1ல்தான் கூட்டல் 8 மணிக்கு வந்தது, அதற்கு முன் கூட்டல் 7.30. எட்டு மணி கழித்துச் சேமித்த 1970 மே 10 நள்ளிரவை ஏசியா/கோலாலம்பூர் என்று கொடுத்துத் திருப்பினால் மே 9, இரவு 11.30 வரும். பிறந்தநாள் கூப்பன் ஒரு நாள் முன்னதாகப் போவதற்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

செப்டம்பர் 18, இரவு 9.15

கூட்டிய அட்டவணையில் கிளைக்கு வந்த தனி உறுப்பினர் எண்ணிக்கை மாத அளவில் பெரிதாக வருகிறது என்கிறீர்கள். வரும். திங்களும் வெள்ளியும் வந்தவர் தினசரி எண்ணிக்கையில் இரண்டு பேர். தனி எண்ணிக்கையைக் கூட்டக்கூடாது. நாள், கிளை வரியில் எச்எல்எல்_அக்யூமுலேட் மூலம் ஸ்கெட்சை (தனி எண்ணிக்கையைத் தோராயமாகக் கணக்கிட உதவும் சுருக்கம்) சேமித்து, மாதத்துக்கு எச்எல்எல்_கம்பைன் செய்து, எச்எல்எல்_எஸ்டிமேட் எடுங்கள். சராசரிப் பிழை சுமார் 1.6 சதவீதம். போக்குப் பார்க்கும் அறிக்கைக்கு அது தாராளம். கூப்பனுக்குப் பணம் ஒதுக்கும் அறிக்கைக்கு மட்டும் உறுப்பினர்_கீ, மாதம், கிளை என்று தனி அட்டவணை வைத்துத் துல்லியமாக எண்ணுங்கள். மாதத்துக்கு ஒரு முறை ஓடும் அதற்கு ஸ்மால் சைஸே போதும்.